ஊரணியில் கால் வைக்காத ஊர்க்காரன்

எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு போல் ஓடிக்கொண்டிருக்கிறது. "ஃபைனல் இயர் டிரிப், ஸ்நார்கெலிங், எந்தத் தீவு?" நாலு ஆப்ஷன்: அந்தமான், லட்சத்தீவு, மாலத்தீவு, தாய்லாந்து. இதை எழுதும் நேரத்தில் மாலத்தீவு முன்னிலை. ஏன் என்று கேட்டால் ஒருத்தன் ரீல் அனுப்புகிறான். இன்னொருத்தி டிராவல்ஸில் வாங்கிய பேக்கேஜ் போஸ்டரை அனுப்புகிறாள். எல்லாவற்றிலும் ஒரே படம்தான்: நீலத் தண்ணி, மஞ்சள் மீன், முகத்தில் மாஸ்க் மாட்டிக்கொண்டு கட்டை விரலைத் தூக்கிக் காட்டும் ஒரு ஆள்.

நான் இன்னும் ஓட்டுப் போடவில்லை. அதற்கு நேற்று ஒரு நண்பன் கேட்டான்: "உங்க கீழச்சிவல்பட்டில கண்மாய்லயே வருஷத்துல பாதி நாள் தண்ணி கிடையாது. உனக்கு எதுக்குடா தீவைப் பத்தி அபிப்பிராயம்?"

நியாயமான கேள்விதான். பதில் கொஞ்சம் நீளம். குரூப்பில் டைப் பண்ணினால் ஒருத்தரும் படிக்க மாட்டீர்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். போன வருஷம் ஜனவரியில் மாமா குடும்பத்தோடு அந்தமான் போயிருந்தேன். எந்தக் கடற்கரை, யாருடைய படகு என்பதெல்லாம் இங்கே தேவையில்லை. தப்பு என்னுடையது. எனக்கு நீச்சல் தெரியும் என்ற தைரியத்தில் இறங்கினேன். கண்மாயில் கத்துக்கொண்ட நீச்சல். ஆனால் வாயில் குழாயைக் கவ்விக்கொண்டு, முகத்தைத் தண்ணிக்குள் வைத்து மூச்சு விடுவது வேற கதை. ஒரு சின்ன அலை வந்தது. குழாய்க்குள் உப்புத் தண்ணி ஏறியது. பயந்துபோய் காலைக் கீழே ஊன்றினேன். ஆழம் இடுப்பளவுதான், நிற்க முடிந்தது. ஆனால் காலுக்கு அடியில் 'நறுக்'கென்று ஏதோ முறிந்தது.

குனிந்து பார்த்தேன். மான் கொம்பு மாதிரி கிளை விட்டிருந்த பவளம். நான் மிதித்த இடத்தில் விரல் நீளத்துக்கு வெள்ளையாக முறிந்து கிடந்தது. கூட வந்த வழிகாட்டி பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. என் தோளைப் பிடித்து மேலே தூக்கிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன். ஒரு நாளைக்கு அந்த மாதிரி எத்தனை பேரைப் பார்க்கிறாரோ என்று தோன்றியதுதான் இன்னும் உறுத்துகிறது. அதைவிடக் கேவலம், அதே இடத்தில் நின்றுகொண்டு கட்டை விரலைத் தூக்கிக் காட்டி நானும் போட்டோ எடுத்துக்கொண்டேன். 200 லைக் வந்தது.

இனி என் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். செட்டிநாட்டுப் பக்கம் வந்திருந்தால் கவனித்திருப்பீர்கள். பெரிய வீடு, கோயில், இது இரண்டுக்கும் அடுத்து கண்ணில் படுவது ஊரணி. குளிக்க ஒன்று, குடிக்க ஒன்று என்று தனித்தனியாக வைத்திருப்பார்கள். குடிதண்ணி ஊரணிக்கு ஒரு சட்டம் உண்டு. குளிக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, மாடு இறக்கக் கூடாது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் படியில் இறங்க வேண்டும். குடத்தை மட்டும் தண்ணிக்குள் முக்கி எடுப்பார்கள், காலை உள்ளே விடமாட்டார்கள். சின்ன வயசில் படியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தபோது பெருவிரல் தண்ணியில் பட்டுவிட்டது. அதற்கு அப்பத்தா கொடுத்த வசவு இன்னும் காதில் இருக்கு. "ஊரு குடிக்கிற தண்ணிடா. உன் ஒருத்தன் காலுன்னு நெனைக்காத. ஊரே காலை விட்டா என்னாகும்?"

மழை குறைந்த மண்ணில் தண்ணியைக் காப்பாற்ற எங்கள் ஆட்கள் கண்டுபிடித்த பாடம் அது. ஒரு கால் ஒன்றும் செய்யாது, ஊர்க்கால் எல்லாத்தையும் கெடுத்துவிடும். தீவு தேர்ந்தெடுக்கும்போது நாம் மறந்துபோவது இதைத்தான். அதனால் என் கட்சி இது: விலையையும் ரீலையும் பார்த்துத் தீவைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். நாம் போகும் மாதம் எது? அந்தத் தீவு எத்தனை காலைத் தாங்கும்? நம் காலை நம்மால் தூக்கி வைத்துக்கொள்ள முடியுமா?

முதல் கேள்வி: எந்த மாதம்?

நம்மிடம் இருப்பது இரண்டு லீவுதான். நவம்பர், டிசம்பரில் செமஸ்டர் முடிந்து வருவது ஒன்று, மே, ஜூனில் வருவது இன்னொன்று. போலில் தீவின் பெயரைப் போட்டவர்கள் மாதத்தைப் போடவில்லை. கடலைப் பொறுத்தவரை மாதம்தான் பாதி விடை.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. அரபிக்கடல் கொந்தளிக்கும். லட்சத்தீவுக்குக் கொச்சியிலிருந்து போகும் கப்பல் போக்குவரத்தே அப்போது சுருங்கிவிடும். மாலத்தீவிலும் மே முதல் மழைக்காலம். அலை மண்ணைக் கிளறிவிட்டால் தண்ணி கலங்கும். கலங்கிய தண்ணியில் மாஸ்க் போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான். ஆஃபர் விலையில் ஜூலைப் பேக்கேஜ் ஏன் கிடைக்கிறது என்று இப்போது புரியும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்று. வங்காள விரிகுடாவில் புயல் காலம். அந்தமானுக்கு டிசம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரைதான் நல்ல கடல். மலேசியாவின் கிழக்குக் கரைத் தீவுகளான பெர்ஹெந்தியான், தியோமன் பக்கம் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பெரும்பாலான விடுதிகளைப் பூட்டியே வைப்பார்கள்.

இலங்கையைப் பாருங்கள், ஒரே தீவுக்குள் இரண்டு கணக்கு. தென்மேற்கே ஹிக்கடுவைக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை. கிழக்கே திருகோணமலைக்குப் பக்கத்தில் நிலாவெளி, அதற்கு எதிரே இருக்கும் புறாத்தீவு, அங்கே நேர்மாறாக மே முதல் செப்டம்பர் வரை கடல் அமைதி. கொழும்பு, பினாங்கு, ரங்கூன் என்று கடல் தாண்டித் தொழில் செய்தவர்களின் ஊர் எங்களுடையது. அவர்கள் பேரன் பேத்திகளுக்கு எந்தக் கரை எந்த மாதத்தில் அமைதி என்று தெரியாமல் போனது கொஞ்சம் வெட்கம்தான்.

ராமேஸ்வரம் மீனவர்களிடம் இது இன்னும் அழகாக இருக்கிறது. பாம்பனுக்குத் தெற்கே மன்னார் வளைகுடா, அதை ஆண் கடல் என்பார்கள். வடக்கே பாக் நீரிணைப் பகுதி, பெண் கடல். ஒன்று ஆடும்போது இன்னொன்று பெரும்பாலும் அடங்கியிருக்கும். ஒரே பாலத்தின் மேல் நின்று இரண்டையும் பார்க்கலாம்.

மே மாதத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பவளம் என்பது கல் இல்லை, உயிர். அதன் உடம்புக்குள் நுண்ணிய பாசி குடியிருக்கிறது. பவளத்துக்கு நிறமும் சாப்பாட்டில் பெரும்பங்கும் அதுதான் கொடுக்கிறது. வழக்கமான கோடை உச்சத்தைவிடக் கடல் வெப்பம் ஒரு டிகிரி கூடி, சில வாரம் அப்படியே நின்றுவிட்டால், பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும். அப்போது வெள்ளையாகிவிடும். இதைத்தான் வெளிறல் என்கிறோம். உடனே செத்துவிடாது. தண்ணி குளிர்ந்தால் பிழைக்கும், வெப்பம் நீடித்தால் போய்விடும். நம் கடல்களில் 1998, 2010, 2016 என்று பெரிய வெளிறல்கள் வந்தன. 2024-இல் உலக அளவில் நாலாவது வெளிறல் அறிவிக்கப்பட்டது, லட்சத்தீவும் அதில் அடிபட்டது. ஆகவே ஏப்ரல், மே மாதம் பவளத்துக்குக் காய்ச்சல் காலம். காய்ச்சலில் படுத்திருப்பவர் வீட்டுக்கு நாற்பது பேர் விருந்துக்குப் போகலாமா?

இரண்டாவது கேள்வி: எத்தனை கால் தாங்கும்?

போலில் நாலாவதாக இருக்கும் தாய்லாந்தை எடுத்துக்கொள்வோம். பீ பீ தீவுகளில் மாயா பே என்று ஒரு சின்ன வளைகுடா. 2000-இல் வந்த 'தி பீச்' படத்தை அங்கே எடுத்தார்கள். அதன் பிறகு கூட்டம் பெருகி, ஒரு நாளைக்கு ஐயாயிரம் பேர்வரை அந்தச் சின்ன மணல் திட்டில் வந்து இறங்கினார்கள். படகுகள் பவளத்தின் மேலேயே நங்கூரம் போட்டன. கடைசியில் 2018 ஜூனில் அரசே இழுத்து மூடியது. சில மாதம் என்று ஆரம்பித்த தடை மூன்றரை வருஷம் நீண்டது. ஆள் இல்லாத கடலுக்குள் கருந்துடுப்புச் சுறாக்கள் திரும்பி வந்தன. 2022 ஜனவரியில் மறுபடி திறந்தபோது ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தார்கள். படகு வளைகுடாவுக்குள் வரக் கூடாது, பின்பக்கத் துறையில்தான் நிற்க வேண்டும், உள்ளே நீந்தவும் கூடாது என்றார்கள். அப்பத்தா சட்டத்தைத் தாய்லாந்து அரசு கொஞ்சம் லேட்டாகப் படித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

அடுத்து லட்சத்தீவு. 36 தீவு, அதில் மக்கள் வாழ்வது 10-இல். மொத்த நிலமே 32 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் 64 ஆயிரத்துச் சொச்சம் பேர். 2024 ஜனவரியில் பிரதமர் அங்கே ஸ்நார்கெலிங் செய்த படம் வந்ததும் நம் குரூப்பிலும் "மாலத்தீவு வேணாம், லட்சத்தீவு போவோம்" என்று ஒரு வாரம் ஓடியது ஞாபகம் இருக்கும். ஆனால் அங்கே குடிதண்ணி எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்கவில்லை.

நாம் இன்ஜினியரிங் படிப்பவர்கள், இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்கலாம். பவளத் தீவில் ஆறு கிடையாது. மழைத்தண்ணி மணலுக்குள் இறங்கி, கனமான உப்புத் தண்ணிக்கு மேலே ஒரு மெல்லிய படலமாக மிதக்கும். கிணற்றில் அளவுக்கு மீறி இறைத்தால் கீழே இருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். அதனால் சென்னையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் 2005-இல் கவரத்தியில் ஒரு நிலையம் அமைத்தது. மேற்பரப்புக் கடல் நீரைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்குவார்கள். சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து இழுத்த குளிர்ந்த நீரைக் கொண்டு அந்த ஆவியை மறுபடி தண்ணியாக்குவார்கள். தெர்மோடைனமிக்ஸ் புத்தகத்தில் இருப்பது அங்கே குழாயில் வருகிறது. ஒரு நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர். பெரிய சாதனைதான். ஆனால் அந்த ஒரு லட்சத்தை நம் ஹாஸ்டல் தண்ணித் தொட்டிக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குளித்துவிட்டு, உப்புப் போகணும் என்று இன்னொரு தடவை குளிக்கும் நாற்பது பேர் அங்கே என்ன அர்த்தம் என்று புரியும். லட்சத்தீவுக்கு முன் அனுமதி வாங்கித்தான் போக முடியும் என்பதைக் குரூப்பில் குறையாகச் சொன்னார்கள். எனக்கு அது சரியாகத்தான் படுகிறது.

அந்தமானில் எனக்குப் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. வண்டூர் பக்கம் 1983-இல் அறிவித்த மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே ஜாலி பாய், ரெட் ஸ்கின் என்று இரண்டு தீவு. இரண்டையும் ஒரே நேரத்தில் திறக்க மாட்டார்கள். ஒன்று திறந்திருக்கும்போது இன்னொன்று ஓய்வில் இருக்கும். பிளாஸ்டிக்கோடு உள்ளே போக முடியாது. வயலைத் தரிசு போட்டு ஆற விடுகிற மாதிரி கடலையும் ஆற விடுகிறார்கள். தீவு தேர்ந்தெடுக்கும்போது நான் தேடுவது இந்த மாதிரி 'முடியாது' என்று சொல்லும் இடத்தை. எல்லாத்துக்கும் 'வாங்க, வாங்க' என்று சொல்லும் இடத்தில் இன்னும் பத்து வருஷம் கழித்துப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது.

நம் கடலைத் திறந்துவிடலாமா?

இதைச் சொன்னதும் ஒரு தோழி கேட்டாள்: "மன்னார் வளைகுடால 21 தீவு இருக்கு. காரைக்குடிலேர்ந்து மூணு மணி நேரம். அதைத் திறந்துவிட்டா ஃபிளைட் செலவே இல்லாம எங்கள மாதிரி ஆளுங்களும் போகலாம்ல? காசு இருக்கிறவன் மட்டும்தான் பவளம் பார்க்கணுமா?"

இந்தக் கேள்வி எனக்கு வலித்தது. எளிதில் தள்ளிவிட முடியாது. ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவு, 1986-இல் தேசியப் பூங்கா, 1989-இல் உயிர்க்கோளக் காப்பகம். நூற்றுக்கும் மேற்பட்ட பவள இனம். குருசடைத் தீவுக்கு வனத்துறையே படகில் கூட்டிப் போகிறது. மற்ற தீவுகளில் நினைத்த நேரத்தில் போய் இறங்க முடியாது. வீட்டு வாசலில் இருக்கும் பொக்கிஷத்தைப் பூட்டி வைத்துவிட்டு இரண்டு கடல் தாண்டிப் போகச் சொல்வது அநியாயமாகத்தான் தெரியும்.

ஆனால் அந்தத் தீவுகளின் பழைய கதையைப் பாருங்கள். பல பத்தாண்டுகள் அங்கிருந்து பவளத்தைப் படகு படகாக வெட்டி எடுத்தார்கள். சுண்ணாம்பு சுட, வீடு கட்ட, ஆலைக்கு அனுப்ப. பவளம் என்பது கால்சியம் கார்பனேட்தானே, சிவில் நண்பர்களுக்குச் சொல்லவே தேவையில்லை. 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளத்தைச் சேர்த்தார்கள், 2005 வாக்கில்தான் வெட்டுவது நின்றது. அதற்குள் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்று இரண்டு தீவு கடலுக்குள் போய்விட்டது. பவளத்திட்டுதான் தீவுக்கு அலைதாங்கி. அதை எடுத்துவிட்டால் மணல் எப்படி நிற்கும்? தூத்துக்குடி பக்கம் வான் தீவு கரையாமல் இருக்க 2015 முதல் செயற்கைத் திட்டுகளைக் கடலில் இறக்கி வைத்திருக்கிறார்கள். அதாவது ஐ.சி.யு.வில் இருக்கும் ஒரு தீவைத்தான் நாம் டிரிப்புக்குக் கேட்கிறோம்.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அந்தத் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுத்துப் பிழைத்த பெண்கள் இருக்கிறார்கள். பாம்பன், மண்டபம், ஏர்வாடி பக்கத்து ஊர்க்காரர்கள். இடுப்பில் துணிப்பை, விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி ஒன்றை மாட்டி மூச்சடக்கி முங்குவார்கள். நாம் பணம் கட்டிப் பழகப்போகும் ஸ்நார்கெலிங் அவர்களுக்குக் கூலி வேலை. பூங்காக் கட்டுப்பாடு இறுகியபோது அவர்களைத்தான் முதலில் தீவுப்பக்கம் வராதே என்றார்கள். அவர்கள் வெறுமனே சண்டை போடவில்லை. மாதத்தில் இத்தனை நாள்தான் எடுப்போம், வளரும் காலத்தில் எடுக்க மாட்டோம் என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். 2015-இல் பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த ஒரு பாசி எடுக்கும் பெண்ணுக்கு சீகாலஜி என்ற சர்வதேச விருது கிடைத்தது.

வயிற்றுக்காக முங்கினவர்களை வெளியே நிறுத்திய இடத்தில், வேடிக்கைக்காக எங்களை விடுங்கள் என்று நாம் எந்த முகத்தோடு கேட்பது? என்றைக்காவது அந்தத் தீவுகளை இன்னும் கொஞ்சம் திறப்பதாக இருந்தால், முதல் உரிமை அவர்களுக்கு. வழிகாட்டி வேலை, படகு வேலை, வரும் காசு எல்லாம் அவர்கள் கையில் இருக்கட்டும். அதுவரை அந்தக் கதவு பாதி சாத்தியே இருக்கட்டும் என்பதுதான் என் கருத்து.

தோழியின் கேள்வியில் இருந்த நியாயம் அப்படியே நிற்கிறது. காசு இல்லாதவர்களும் கடலுக்குள் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு வழி இருக்கிறது, அதை மூன்றாவது கேள்வியில் சொல்கிறேன்.

மூன்றாவது கேள்வி: காலைத் தூக்கி வைக்கத் தெரியுமா?

நம் வகுப்பில் எத்தனை பேருக்கு நீச்சல் தெரியும்? குரூப்பில் கேட்டேன். எட்டுப் பேர் கை தூக்கினார்கள். நான் உட்பட. அந்த எட்டில் ஒருத்தன்தான் பவளத்தை மிதித்தவன்.

"லைஃப் ஜாக்கெட் இருக்குல்ல" என்பீர்கள். ஜாக்கெட் உயிரைக் காப்பாற்றும், கட்டாயம் போட வேண்டும். ஆனால் பயத்தை அது எடுக்காது. பயந்தவன் செய்யும் முதல் வேலை காலைக் கீழே தொங்கவிடுவது, அடுத்து பக்கத்தில் இருப்பதைப் பிடிப்பது. ஆழமில்லாத திட்டில் காலுக்கும் கைக்கும் கிடைப்பது பவளம்தான். கிளைப் பவளம் நன்றாக வளர்ந்தாலே வருஷத்துக்குப் பத்து சென்டிமீட்டர் வாக்கில்தான். உருண்டைப் பவளம் ஒரு சென்டிமீட்டர் அளவில்தான். தண்ணித்தொட்டி அளவுக்கு ஒரு உருண்டையைப் பார்த்தால் அது நம் தாத்தாவைவிட வயசானது. ஆகவே ஸ்நார்கெலிங் என்றால் நீந்துவதுகூட இல்லை. பதறாமல் படுத்து மிதப்பது.

அதைக் கத்துக்க ஃபிளைட் ஏற வேண்டாம். நீச்சல் குளம் போதும். மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் மெல்ல உறிஞ்சினால் வார் மாட்டாமலே ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நின்றால் அது நம் முகத்துக்குச் சரியான சைஸ். குழாயில் தண்ணி ஏறினால் 'தூ' என்று ஒரே ஊதில் வெளியேற்றப் பழக வேண்டும். எனக்கு அன்றைக்கு இது ஒன்று தெரிந்திருந்தால் அந்தக் கிளை முறிந்திருக்காது. ஜோடியாகத்தான் இறங்க வேண்டும், ஒருத்தர் கண் இன்னொருத்தர் மேல் இருக்க வேண்டும். சன்ஸ்கிரீனைப் பூசிக்கொண்டு இறங்குவதைவிட முழுக்கை டி-ஷர்ட் போட்டுக்கொள்வது மேல். சில சன்ஸ்கிரீன் ரசாயனங்கள் பவளத்துக்குக் கெடுதல் என்று பலாவு, ஹவாய் போன்ற இடங்களில் விற்கவே தடை வைத்திருக்கிறார்கள்.

அடுத்த படி காரங்காடு. தொண்டிக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் மீனவக் கிராமம். எங்கள் ஊரிலிருந்து காரைக்குடி, தேவகோட்டை, திருவாடானை வழியாகச் சுமார் நூறு கிலோமீட்டர். வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து அங்கே சூழல் சுற்றுலா நடத்துகிறார்கள். சதுப்புநிலக் காட்டுக்குள் படகு, கயாக், கடற்புல் பார்க்க ஸ்நார்கெலிங். தங்க அறை வேண்டாம், ஒரு நாளில் போய்த் திரும்பலாம். நம் பாக்கெட் மணிக்குள் முடிந்துவிடும், போகும் காசு அந்த ஊர்க்காரர்களுக்கு.

"அங்க பவளம் இருக்காதே?" கலர் கலர் பவளத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். அங்கே கடற்புல் இருக்கிறது. அந்தப் புல்லை மேய்ந்து வாழ்வதுதான் ஆவுளியா என்று நம் மீனவர்கள் சொல்லும் கடற்பசு. பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பரில் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. இந்தியாவிலேயே முதல் கடற்பசுப் பாதுகாப்பகம் அது. புதுக்கோட்டை எங்கள் ஊருக்குப் பக்கத்து மாவட்டம். கண்மாயில் தண்ணி இல்லாத ஊர் என்று கிண்டல் பண்ணின நண்பனுக்கு இந்த வரி. கடற்பசுவை நேரில் பார்ப்பது அபூர்வம், அந்த ஆசையில் போகாதீர்கள். ஆனால் முகத்தைத் தண்ணிக்குள் வைத்து, காலைத் தூக்கி, ஒரு மணி நேரம் பதறாமல் மிதக்க அதைவிட நல்ல பள்ளிக்கூடம் நமக்குப் பக்கத்தில் இல்லை.

என் ஓட்டு

சரி, கடைசியில் எந்தத் தீவு என்று கேட்பீர்கள். தப்பிக்க மாட்டேன், சொல்லிவிடுகிறேன்.

டிசம்பர் லீவுக்கு முன்னால் நாலு சனிக்கிழமை நீச்சல் குளம். மழை ஓய்ந்து கடல் அடங்கியதும் ஒரு ஞாயிறு காரங்காடு, எல்லோரும். இத்தோடு நிறுத்திக்கொள்பவர்கள் எதையும் இழந்துவிடவில்லை. கையில் காசு இருக்கிறவர்கள் ஜனவரியில் அந்தமான் போகலாம், வண்டூர் பூங்காவில் அந்த சீசனுக்கு எந்தத் தீவைத் திறந்திருக்கிறார்களோ அங்கே. நாற்பது பேர் ஒன்றாக இறங்காமல் பத்துப் பத்துப் பேராக. வீட்டில் கடன் வாங்கி யாரும் வர வேண்டாம், யாரையும் வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் வேண்டாம். லட்சத்தீவு, மாலத்தீவு எல்லாம் நாம் நல்லா மிதக்கக் கத்துக்கொண்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம். மே மாதம் போயே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் நிலாவெளிப் பக்கம் விசாரியுங்கள். ஆனால் அந்த வருஷம் கடல் கொதித்திருந்தால் டிக்கெட் போடாதீர்கள்.

அந்த 200 லைக் வாங்கின போட்டோவை நான் இன்னும் டெலிட் பண்ணவில்லை. கேப்ஷனை மட்டும் மாற்றியிருக்கிறேன்: "இந்தப் படத்தில் நான் நிற்பது ஒரு பவளத்தின் மேல்." போய்ப் பாருங்கள். பார்த்துவிட்டு சனிக்கிழமை நீச்சலுக்கு யார் யார் வருகிறீர்கள் என்று குரூப்பில் பெயர் போடுங்கள். புதுசாக ஒரு போல் போட்டிருக்கிறேன். அதில் ஒரே ஆப்ஷன்தான்.